தோன்றா எழுவாய்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ‘லிஃப்ட்’ என்று எழுதினேன். தப்பில்லாமல்.

ஆஸ்பத்திரி லிஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் என் வேலையாக இருந்தது. வாலிபனாக உள்ளே போனேன், தலை நரைத்து வெளியே வந்தேன். பொத்தான்களில் இருந்த எண்கள் தெரியும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கதவுக்கு மேலே அந்தப் பெட்டியின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அதற்கு அடியில் தினமும் நுழைந்தவன், இன்று வகுப்பில்தான் அந்தச் சொல்லைப் பார்த்தேன். நடுவில் மூன்று புள்ளி!

“இது என்ன டீச்சர், பொத்தானா?” என்றேன்.

வகுப்பே சிரித்தது. ஆய்த எழுத்தாம். மேலே ஒன்று, கீழே இரண்டு. என் லிஃப்டின் வயிற்றுக்குள் இப்படி ஒன்று இத்தனை காலமும் உட்கார்ந்திருந்திருக்கிறது. மூச்சு விடவில்லையே!

தினமும் ஏதாவது எழுதுங்கள், ஒரு வரி போதும் என்கிறார் டீச்சர். என் ஒரு வரிக்குள் டீ ஆறிவிடுகிறது.

மார்ச் 4, புதன்

டீ ஆறியது என்று நேற்று எழுதினேன். அந்த டீயைக் குடித்தாயிற்று, டம்ளரையும் கழுவியாயிற்று. எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. என்ன அதிசயம் இது?

மார்ச் 5, வியாழன்

வீட்டில் யாராவது சொன்ன ஒரு வாக்கியத்தை எழுதி, அதில் எழுவாய்க்கு அடிக்கோடு போட்டு வரச் சொன்னார் டீச்சர். எழுவாய் என்றால் அந்த வாக்கியத்தில் வேலை செய்கிற ஆள். ‘நான் வந்தேன்’ என்றால் நான். ‘நீங்கள் சாப்பிட்டீர்களா’ என்றால் நீங்கள்.

நான் இருப்பது மகள் வீடு. மனைவி போன பிறகு நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. மகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாப்பிள்ளை ஏசி மெக்கானிக். நல்ல மனிதர். என் அறை ஜன்னல் சரியாக மூடவில்லை என்று நான் சொல்லவே இல்லை, ஒரு நாள் வந்து பார்த்தால் மூடுகிறது. ஆனால் பேச்சு? கஞ்சம். காலையில் என்னைப் பார்த்து மூன்று கேள்வி கேட்பார். அதில் ஒன்றை எழுதினேன்.

சாப்பிட்டாச்சா?

பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு அடிக்கோடு போட இடம் தேடினேன். முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன். ஆளையே காணோம்.

மற்ற இரண்டையும் எழுதினேன். மாத்திரை போட்டாச்சா? வகுப்புக்குக் கெளம்பியாச்சா? அதிலும் ஆள் இல்லை.

நீ என்றும் இல்லை, நீங்கள் என்றும் இல்லை. மாமா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாக்கியத்துக்குள்ளேயும் என்னை விடவில்லை என்பது எழுதிய பிறகுதான் தெரிகிறது. காது ஏமாந்திருக்கிறது. கண் கண்டுபிடித்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

டீச்சரிடம் காட்டினேன். எழுவாய் இல்லை டீச்சர் என்றேன்.

“இல்லைன்னு சொல்லாதீங்க ஐயா. இதுக்குத் தோன்றா எழுவாய்னு பேரு. இருக்கும். வெளிய தெரியாது.”

இருக்கும். வெளியே தெரியாது. வீடு வரும் வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். இலக்கணத்தில் இப்படியெல்லாமா வைத்திருக்கிறார்கள்!

மார்ச் 8, ஞாயிறு

மனசு சரியில்லை.

மாப்பிள்ளையின் கம்பெனி வேறு ஊரில் கிளை திறக்கிறது. அவரைப் பொறுப்பாகப் போகச் சொல்கிறார்கள். பெரிய வேலை. இது மகள் சொன்னது. என்னைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மத்தியானம் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை குரல்: “அவர இங்கயே விட்டுட்டு...” — அதற்குள் துவைக்கிற மெஷின் கடகடவென்று சுற்ற ஆரம்பித்துவிட்டது.

லிஃப்டிலும் இப்படித்தான். பேசிக்கொண்டே ஏறுவார்கள், பேசிக்கொண்டே இறங்கிவிடுவார்கள். “அப்ப டாக்டர் என்ன சொன்னார்னா—” என்பதோடு கதவு மூடிவிடும். டாக்டர் என்ன சொன்னார்? யாருக்குத் தெரியும்! எத்தனை ஆயிரம் கதை கேட்டிருப்பேன், ஒன்றுக்கும் தலையும் இல்லை வாலும் இல்லை. லிஃப்ட்காரன் கேட்கக் கூடாது. அது வேலை ஒழுங்கு.

அவர இங்கயே விட்டுட்டு. இங்கே என்றால் எங்கே? இந்த வீட்டிலா, முதியோர் இல்லத்திலா? விட்டுட்டு என்ன? நான் என்ன குடையா, விட்டுட்டுப் போறதுக்கு?

மார்ச் 10, செவ்வாய்

வகுப்பு நடக்கிற சமூகக் கூடத்தின் வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். நின்று படித்தேன். கு-டு-ம்-ப உறவுகளுக்கான ப-யி-ல-ர-ங்-கு. அதற்குள் எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், நான் வழிவிடுவேன் என்று. விடவில்லையே! கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் நகர்ந்தேன். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் வர வேண்டும். மூன்று ஞாயிறு. தங்கள் கதையைச் சொல்ல வேண்டும், பிறர் கதையைக் கேட்க வேண்டும்.

கதையை முடிவு வரைக்கும் சொல்வார்களா? கதவு நடுவில் மூடாதா?

வீட்டில் மகளிடம் சொன்னேன், நீயும் நானும் போவோம் என்று. அவள் கண்ணாடி துடைக்கிற துணியை மடித்துக்கொண்டே சிரித்தாள்.

“ஞாயித்துக்கிழமதான்பா எனக்குக் கடைல கூட்டம். நீங்களும் அவரும் போங்க.”

“அவரா? அவர் எதுக்கும்மா?”

“எதுக்கா? ‘அப்பாகிட்ட டார்ச் எங்கன்னு கேளு.’ ‘மாப்பிள்ளைகிட்ட டார்ச் மேசைல இருக்குன்னு சொல்லு.’ ரெண்டு பேரும் ஒரே சோபால உக்காந்துக்கிட்டு! நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேனா? சம்பளமாவது குடுங்க.”

மார்ச் 15, ஞாயிறு

போனோம். மாப்பிள்ளையும் நானும்.

“கெளம்பலாமா?” என்றார். “கெளம்பலாம்” என்றேன். வழி முழுக்க அவ்வளவுதான் பேச்சு.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடத்துகிற அம்மாள் கையில் சின்ன மணி வைத்திருக்கிறார். அவருக்கு நான் மணியம்மா என்று பேர் வைத்துவிட்டேன். அவர் மணி அடித்ததும் என் வலது கை தானாக எழுந்து பொத்தானைத் தேடியது. மாப்பிள்ளை பார்த்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு சிரித்த மாதிரி இருந்தது.

மணியம்மாவின் சட்டம் ஒன்றே ஒன்று. “ஒருத்தர் பேசறப்ப அடுத்தவங்க நடுவுல பேசக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ன்னு சொல்லவே கூடாது.”

இன்றைக்கு ஒரு பேக்கரிக்காரரும் அவர் தங்கையும் சொன்னார்கள். அப்பா சாவுக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. எதனால் என்றால், அப்பாவின் கைக்கடிகாரத்தை அண்ணன் கேட்காமல் எடுத்துக்கொண்டான் என்று இவளுக்குக் கோபம். அவர் சொல்கிறார், அது ஓடாது, அப்பா போன நேரத்திலேயே நின்றுவிட்டது, அந்த நேரத்தை அவள் பார்க்க வேண்டாம் என்றுதான் எடுத்தேன் என்று. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். “சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடா, எருமை!” என்றாள். அவ்வளவு பெரிய ஆள், மாவு படிந்த கையால் கண்ணைத் துடைக்கிறார்.

ஒரு கதையை முடிவு வரைக்கும் கேட்டேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. உடம்பு சிலிர்த்துவிட்டது. கதவு மூடவில்லை. யாரும் இறங்கிப் போகவில்லை.

மார்ச் 18, புதன்

‘சிலிர்த்துவிட்டது’ என்று ஞாயிற்றுக்கிழமை சரியாக எழுதியிருக்கிறேன் என்றார் டீச்சர். ஒற்றுகூட விடவில்லையாம்.

இடமாற்றத்தில் என் கதி என்ன என்று மகள் இன்றும் சொல்லவில்லை. கம்பெனிக்குப் பதில் சொல்ல இம்மாத முடிவு வரை நேரம் கொடுத்திருக்கிறார்களாம்.

மார்ச் 22, ஞாயிறு

இன்று ஜோடியாக உட்கார வைத்தார்கள். முழங்காலும் முழங்காலும் இடிக்கிற மாதிரி. ஒருவர் சொல்ல வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும், பிறகு மாற்றி. அடுத்த வாரம் அவர் கதையை நானும் என் கதையை அவரும் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதில்தான் மணியம்மா ஒரு பொடி வைத்தார்: “‘அவர்’னு சொல்லக் கூடாது. ‘நான்’னு சொல்லணும்.”

முதலில் நான் சொன்னேன். மகள் பிறந்த கதை. என் மனைவிக்கு வலி எடுத்து என் லிஃப்டுக்கே கொண்டுவந்தார்கள். நானேதான் பிரசவ மாடிக்குப் பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்தது, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் ஒரு காலை வெளியே வைத்தேன். கீழே மணி அடித்தது. வேறு ஆள் இல்லை. நோயாளிகள் நிற்கிறார்கள். காலை உள்ளே எடுத்துக்கொண்டேன். மேலே, கீழே, மேலே, கீழே. ஒவ்வொரு தடவை அந்த மாடி வரும்போதும் எட்டிப் பார்ப்பேன், ஒன்றும் தெரியாது. சாயங்காலம் இரண்டு நர்ஸ் ஏறினார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்கிறாள்: “மூணாவது கட்டில், பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. சரி, உன் செருப்பு எங்க வாங்கின?” என் மகள் பிறந்த செய்தி அப்படித்தான் எனக்கு வந்தது. செருப்புக்கு முன்னால், பாதிக் கதையாக.

மாப்பிள்ளை அசையாமல் கேட்டார்.

பிறகு அவர் முறை. கையில் இருந்த ஸ்க்ரூ ஒன்றைத் திருகிக்கொண்டே இருந்தார். எந்த ஏசியிலிருந்து வந்ததோ பாவம்.

அவருக்கு அப்பா கிடையாது. அம்மா கேன்டீனில் சமைப்பார். ஊர் ஊராக வேலை. ஒரு ஊரில் மாடியில் ஒரு தையல்காரர் இருந்தாராம், ரேடியோ கேட்க விடுவாராம். “சித்தப்பான்னு கூப்பிடுடா” என்றாராம் அம்மா. வெட்கத்தை விட்டு ஒரு நாள் கூப்பிட்டாராம். அடுத்த வாரம் தையல்காரர் கடையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். இன்னொரு ஊரில் லாரி டிரைவர் ஒருவர். அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டார். அவரும் ஒரு நாள் போனவர் திரும்பவில்லை.

“அப்புறம் நான் யாரையும் முறை சொல்லிக் கூப்பிடறதில்ல” என்றார். ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அத்தைய மட்டும்தான் கூப்பிட்டேன்.”

அத்தை என்றால் என் மனைவி. மகளுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம் போய்விட்டாள்.

மணி அடித்தது. இந்தத் தடவை என் கை எழவில்லை.

மார்ச் 23, திங்கள்

என் மனைவி சொல்லுவாள். “மாப்பிள்ள என்னை மட்டும் வாய் நெறய அத்தேன்னு கூப்பிடறாரு, உங்களக் கண்டாத்தான் பயம்” என்று. நான் மீசையை முறுக்கிக்கொள்வேன், பெருமையாக!

அந்தப் பயம் எதைப் பற்றியது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. என்னைக் கண்டு இல்லை.

மார்ச் 27, வெள்ளி

ஒரு மனிதர் தினமும் மூன்று கேள்வியால் என்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என் பெயரைச் சொல்லாமல், முறையைச் சொல்லாமல், வாக்கியத்துக்குள்ளே ஒளித்து வைத்து. எனக்குத் தெரியாமலேயே.

ஆனால் அவர இங்கயே விட்டுட்டு? அதற்கு அர்த்தம் என்ன? இதற்கும் அதற்கும் பொருந்தவில்லையே.

மார்ச் 30, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று காலையிலிருந்து எழுதுகிறேன்.

கூடம் நிறைந்திருந்தது. மகள் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளையை முதலில் கூப்பிட்டார்கள். எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நான் ஆஸ்பத்திரி லிஃப்ட்ல வேல பாக்கறேன்” என்றார்.

‘நீங்கள்’ என்று என்னைப் பார்த்து ஒரு தடவைகூடச் சொல்லாத வாய், ஒரே தாவலில் ‘நான்’ என்கிறது! அந்த நானுக்குள் நான் நிற்கிறேன். காக்கிச் சட்டையோடு, ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே.

ஒன்றையும் விடவில்லை அவர். நர்ஸ், மூன்றாவது கட்டில், செருப்பு. நான் சொல்லாததையும் சொன்னார்: “எனக்குக் கத்தணும் போல இருக்கு. எம் பொண்ணு எம் பொண்ணுன்னு. ஆனா அடுத்த மாடில ஒரு பெரியவர் ஏறறாரு. ‘எந்த மாடிங்க’ன்னு கேக்கறேன்.” அது உண்மை. அப்படித்தான் கேட்டேன். அது அவருக்கு எப்படித் தெரியும்?

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது, கதையை முடிக்க வேண்டுமே என்ற அவசரம் வேறு.

“அந்தப் பொண்ணத்தான் நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்” என்று முடித்தார்.

ஒரு நொடி. பிறகு கூடமே வெடித்தது. பேக்கரிக்காரர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். மணியம்மாவின் மணி கீழே விழுந்து உருண்டது. பின்வரிசையிலிருந்து என் மகள், “ஐயய்யோ, மானத்த வாங்கறாரே!” என்று முகத்தை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை விழித்தார். என்ன சொன்னோம் என்று புரிந்ததும் காது வரைக்கும் சிவந்துபோய், அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அது வரைக்கும் பார்த்ததில்லை.

பிறகு நான் எழுந்தேன்.

“எனக்கு அப்பா கிடையாது” என்றேன். என் வயசுக்கு, ஒரு சின்னப் பையனாகக் கேன்டீன் வாசலில் நின்றேன். தையல்காரர் கடை பூட்டியிருந்ததைப் பார்த்தேன். “நான் யாரையும் கூப்பிடறதில்ல. கூப்பிட்டா போயிடறாங்க. போகக் கூடாதுன்னு நெனைக்கறவங்கள—” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் இந்த வரியைச் சொல்லவில்லை. என் வாயிலிருந்து தானாக வந்தது. “—கூப்பிடாமலேயே வச்சிருக்கேன்.”

உட்கார்ந்தேன். பக்கத்தில் பார்க்கப் பயமாக இருந்தது. என் முழங்கால் மேல் ஒரு கை வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது.

கடைக்குத் திரும்பிப் போய்விட்டாள் மகள். நாங்கள் இருவரும் நடந்தோம். மருந்துக் கடை முனையில் நான் நின்றேன். லிஃப்ட்காரன் கேட்கக் கூடாதுதான். ஆனால் நான் ரிட்டயர் ஆகி எவ்வளவு காலமாயிற்று?

“மாப்பிள்ள, மீதியச் சொல்லுங்க.”

“என்ன மீதி?”

“அன்னிக்கு ‘அவர இங்கயே விட்டுட்டு’ன்னு சொன்னீங்க. மெஷின் சுத்திடுச்சு. அதுக்கப்புறம் என்ன?”

அவர் சட்டைப் பையைத் தடவினார். ஸ்க்ரூ இல்லை.

“விட்டுட்டுப் போற மாதிரி இருந்தா அந்த வேலையே வேணாம்னு சொல்லிடறேன்னு சொன்னேன்.”

சாலையில் பஸ் ஒன்று போனது. போகட்டும் என்று நின்றேன்.

“அப்ப, கூட வர்றீங்களான்னு கேட்டிருக்கலாமே?”

“இங்க வகுப்பு இருக்கு, எழுத்துப் படிக்கறது இருக்கு...” என்று இழுத்தார். பிறகு மெதுவாக, “கேக்கணும்னா கூப்பிடணுமே” என்றார்.

எனக்குப் படிப்பு வந்ததே இப்போதுதான். ஆனால் அவருடைய இலக்கணம் எனக்கு நன்றாகத் தெரியும்.

“கூப்பிடாமலே கேளுங்க. பழக்கந்தானே.”

காலிச் சட்டைப் பையை மறுபடியும் தடவினார்.

“கூட... வரலாமா?”

“வந்தாச்சு” என்றேன்.

ஏப்ரல் 2, வியாழன்

டீச்சரிடம் சொல்லிக்கொண்டேன். அந்த ஊரிலும் வகுப்பு உண்டாம். “எழுதறத மட்டும் விட்டுடாதீங்க ஐயா” என்றார். விடுவேனா? நான் என்ன குடையையா விடுகிறேன்!

ஏப்ரல் 26, ஞாயிறு

பெட்டி கட்டுகிறோம். என் சாமான் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட்டது. மாப்பிள்ளை அதன் மேல் பெரிதாக ஏதோ எழுதி ஒட்டியிருந்தார். கிட்டப் போய்ப் படித்தேன். ‘ஜாக்கிரதை. கவிழ்க்கக் கூடாது.’ எழுவாய் இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

புது ஊர். புது வீடு. ஆறாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது!

ஆள் இல்லாத லிஃப்ட். தானே பேசுகிறது, ஒரு பெண் குரலில். இன்று சாயங்காலம் பால் வாங்கக் கீழே போனேன். திரும்பி ஏறும்போது ஓர் அம்மா கைக்குழந்தையோடு வந்தார், பொத்தானை அழுத்த அவருக்குக் கை காலியாக இல்லை. நான் அழுத்தினேன். பிறகு சைக்கிளோடு ஒருவர். பிறகு மூன்று பேர் ஏதோ கதை பேசிக்கொண்டே ஏறினார்கள். “மீதி என்னங்க?” என்று கேட்டேன். சொன்னார்கள்! முடிவைச் சொல்வதற்காகவே மேல் மாடி வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பி இறங்கினார்கள். அப்படியே மேலே, கீழே, மேலே, கீழே. பால் பையில் வியர்த்துக்கொண்டிருந்தது. நேரம் போனது தெரியவில்லை.

அப்போது ஒரு சத்தம். மாடிப்படியிலிருந்து.

“மாமா!”

யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

“மாமா! மாமோவ்!”

கட்டடம் முழுக்க எதிரொலித்தது. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். அந்தச் சொல்லில் அதைக் கேட்டதில்லை, அவ்வளவுதான். கால் இரண்டும் அங்கேயே நின்றுவிட்டன. பிறகு பொத்தானை அழுத்தி, கதவு திறந்து, வெளியே வந்தேன். இந்தத் தடவை இரண்டு காலும்.

மாப்பிள்ளை செருப்புகூட இல்லாமல் இறங்கி வந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்குகிறது.

“எங்க போனீங்க நீங்க? பால் வாங்க இவ்வளவு நேரமா? புது ஊரு, வழி தெரியாது, நீங்க பாட்டுக்குப் போயிட்டா நாங்க என்னன்னு நெனைக்கறது? சொல்லிட்டுப் போக மாட்டீங்களா நீங்க?”

எத்தனை நீங்க! எண்ண முடியவில்லை. திட்டி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். பயந்துபோய்ப் பார்த்தார், நான் இருக்கிறேனா என்று.

“இங்கதான் இருக்கேன், மாப்பிள்ள” என்றேன்.

மேலே போனதும் வீட்டு வாசலில் நின்றிருந்த மகள், “திட்டு வாங்கிட்டு என்னப்பா இப்படிச் சிரிக்கறீங்க?” என்றாள்.

ராத்திரி தட்டை வைத்துக்கொண்டு பழையபடியே, “சாப்பிட்டாச்சா?” என்றார். “ஆச்சு” என்றேன்.

இப்போது எழுதிப் பார்க்கிறேன். மாமா. ஒரே எழுத்து, இரண்டு தடவை. எழுத இவ்வளவு சுலபமா?